செப்டம்பர் 15 பகுதி சபை: தெருவாசிகள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 காலை 10.30 மணிக்கு, ரேஷன் கடைக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் நம் வார்டின் பகுதி சபை (பகுதி மக்கள் நேரடியாகக் குறைகளைச் சொல்லும் கூட்டம்) கூடுகிறது. கடலூர் மாமன்றக் கூட்டத்தில் 45 கவுன்சிலர்கள்தான் பேச முடியும். இங்கே நாமே எழுந்து கேட்கலாம்.

1. வீட்டுக்கு ஒருவராவது வரவும்.
2. ஐப்பசி மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறோம். மூன்றாவது குறுக்குத் தெரு முனையில் மூடி உடைந்து செடியே முளைத்துவிட்டது! படம் எடுத்து 12ஆம் தேதிக்குள் குழுவில் போடவும்.
3. அண்ணா படத்துக்கு மாலை, தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம்தான் கூட்டம். பாதியில் வந்து நாற்காலியை இழுக்க வேண்டாம், ப்ளீஸ்.
4. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் கிளம்பாதீர்கள்.

வருகிறவர்கள் குழுவில் கதவு எண்ணைப் பதிவிடவும். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கில் வராது.

— செயலாளர்