பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பக்கம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசுத் துறைகளின் இணையதளங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடசென்னைத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடு 2018லேயே வந்தது. வகுப்பறைக்கு இப்போது ஸ்மார்ட் போர்டும் இணையமும் வந்துவிட்டன. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சரி, அந்தத் திரையில் பிள்ளைகளுக்குக் காட்ட உங்கள் தளங்களில் என்ன இருக்கிறது?

போன வாரம் நீர்நிலைகள் பாடம். ஒரு துறையின் தளத்தில் நம் ஏரிகளைப் பற்றித் தமிழிலேயே ஒரு குறிப்பு கிடைத்தது. சந்தோஷமாகத் திறந்தேன். காகிதத்தைக் கோணலாக வைத்து ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஒரு பத்தியின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் வேறு. திரையில் பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது. விரல் வைத்து எழுத்துக் கூட்டும் பிள்ளை அதில் எதைப் படிக்கும்? இன்னொரு பக்கத்தில் எழுத்து தெளிவாக இருந்தது, ஆனால் பயிற்சித்தாளுக்கு நகலெடுத்தால் வெறும் கிறுக்கல்தான் வந்தது. பழைய எழுத்துரு. எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரியும் யுனிகோடு முறைதான் தமிழுக்குத் தரம் என்று இதே அரசு 2010இல் ஆணை போட்டிருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன். திங்கட்கிழமை வகுப்பில் திறந்தால் தளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கமே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி மட்டும். "இனிமே வராதா மிஸ்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். நான் என்ன சொல்வது?

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு துறைத் தளத்திலும் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய ஒரு தமிழ்ப் பக்கம் வேண்டும், அதன் முகவரி மாறக் கூடாது.

உங்கள் தகவலில் எவ்வளவு பாடம் இருக்கிறது என்று பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் ஏரிக்கு 3,300. இன்றைய இருப்பைக் கரும்பலகையில் எழுதி, ஏரி நிரம்ப இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். நான்கு இலக்கக் கழித்தலுக்கு முகம் சுளிக்கும் பையன்கள் போட்டி போட்டுக் கணக்குப் போட்டார்கள். 2015 வெள்ளத்தை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்கு அது வெறும் எண் இல்லை.

அமெரிக்க அரசின் நாசா, 'ஸ்பேஸ் பிளேஸ்' என்று சிறுவர்களுக்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும். ராக்கெட் விடுகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத ஆள் இல்லையா?

அப்புறம் இன்னொன்று. வருகைப் பதிவு, எடை, உயரம், மதிப்பெண் என்று எங்களிடம் தகவல் வாங்கும் தளங்கள் ஒரு நாள் தாமதித்தாலும் விளக்கம் கேட்கின்றன. பாடம் நடத்தும் நேரம் அதில்தான் போகிறது. வாங்குவதில் காட்டும் கறாரைக் கொடுப்பதிலும் காட்டக் கூடாதா? முகப்பில் டெண்டர் அறிவிப்புக்கும் விழாப் படத்துக்கும் இடம் இருக்கும்போது பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

கோபத்தில் சொற்கள் கடுமையாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை அதேதான்: யுனிகோடில், சின்ன வாக்கியங்களில், முகவரி மாறாத ஒரு தமிழ்ப் பக்கம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஏதாவது ஒரு துறையாவது தொடங்கி வைக்க வேண்டுகிறேன். வெளியிடும் முன் எங்களுக்கு அனுப்புங்கள். வகுப்பில் வாசிக்க வைத்து, எந்த வரியில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று குறித்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை,
சென்னை