சுயநலம் என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துவருவது பற்றிய சென்ற வாரத் தலையங்கத்தைப் படித்தேன். இளம் தம்பதியர் சுயநலத்தால் குழந்தையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. எவ்வளவோ தகவல்கள் நிறைந்த கட்டுரைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு ஆறவே இல்லை.

நான் 1986-இல் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து 33 ஆண்டுகள் வேலை பார்த்தவள். மாதத்துக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி இத்தனை என்று எங்களுக்கு இலக்கு கொடுப்பார்கள். குறைந்தால் எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். 1996-இல் அந்த இலக்கு முறையை அரசு கைவிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு முன் பத்து வருடம் அந்தக் கேள்விகளுக்கு நான் நின்றிருக்கிறேன். அந்த நாளில் மக்கள்தொகை வெடிப்பு என்று உங்கள் பத்திரிகையும்தான் பக்கம் பக்கமாக எழுதியது. அதையெல்லாம் வெட்டி வைத்து வீடு வீடாகக் காட்டியிருக்கிறேன்.

"ரெண்டோட நிறுத்தும்மா. நல்லா படிக்க வைக்கலாம், நல்ல வேலைக்குப் போவாங்க." இதைத்தான் சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். போன மாதம் சந்தையில் அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா, நீங்க சொன்னபடியே படிக்க வச்சுட்டேன். வேலை எங்கம்மா?" அவள் மகன் பொறியியல் முடித்தவன், வயது 31, இன்னும் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. 2022-இல் அந்தத் தேர்வுக்கு, முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த வருமானத்தை நம்பிக் கல்யாணம் செய்வார்கள், எதை நம்பிப் பெற்றுக்கொள்வார்கள்?

சரி, வேலை கிடைத்தவர்கள் கதையையும் சொல்கிறேன். என் மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு வேலை குறைந்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரமே அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். பேரனுக்கு இப்போது நான்கு வயது. இன்னொன்று வேண்டும் என்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசைதான். மாதக் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் நோட்டை மூடி வைத்துவிடுகிறாள். இவளையா சுயநலக்காரி என்கிறீர்கள்?

2020-லேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை என்று வந்துவிட்டது. உழைக்கும் வயதினர் மிகுந்திருக்கும் காலம் ஒரு நாட்டுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை என்று நீங்களே பல முறை எழுதியிருக்கிறீர்கள். நம் மாநிலத்தில் அந்தக் காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கைக்கூட அந்த ஆண்டு எடுக்கவில்லை. அதற்கெல்லாம் இவ்வளவு கடுமையான வார்த்தை உங்கள் தலையங்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பெறாதே என்று பெண்களிடம் சொன்னோம், அதில் நானும் இருந்தேன். இன்று பெறு என்று சொல்வதும் பெண்களிடம்தான். வேலை கொடுப்பவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஞாயிறு வேலைவாய்ப்புப் பக்கத்தில் பாதி விளம்பரங்களில் 'சம்பளம் தகுதிக்கேற்ப' என்றுதான் இருக்கிறது. இனிமேல் சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்ற இரண்டையும் போட்டால்தான் விளம்பரம் வாங்குவோம் என்று ஒரு விதி வையுங்கள். என் மகள் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.