காயத்தில் போட வேண்டிய ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கடிச் செய்திகளில் ‘தடுப்பூசி போதிய இருப்பு உள்ளது’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. பல் பதிந்து ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டிய எதிர்ப்பொருள் (வைரஸைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதம்) மருந்து இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. தடுப்பூசி பெற்ற உடல் தானாக எதிர்ப்பொருளை உண்டாக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், அதுவரை ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸ் நரம்பில் ஏறாமல் காப்பது இந்த மருந்துதான்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் கெண்டைக்காலில் கடிபட்ட சிறுவனுக்கு, அருகிலிருந்த மருத்துவமனையில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையில் தடுப்பூசியும் போட்டுவிட்டு, ‘சீரம் இங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்றார்கள். சீரம் என்று அவர்கள் சொன்னது இந்த எதிர்ப்பொருள் மருந்தைத்தான். ‘அதுதான் ஊசி போட்டாச்சே’ என்று வீடு திரும்பிய தாயை வற்புறுத்தித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

குதிரைக்கு நோய்க்கூற்றைச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரம், குதிரைகளின் எண்ணிக்கையையும் உடல்நிலையையும் பொறுத்தது. மனித ரத்தத்திலிருந்து எடுப்பதோ விலை அதிகம். மாறாக, எதிர்ப்பொருளுக்கான மனித மரபணுவை வெள்ளெலியின் அண்டகச் செல்களில் சேர்த்து, அவற்றைக் கலனில் பெருக்கி, அவை சுரக்கும் புரதத்தைச் சுத்திகரித்தெடுக்கும் மறுசேர்க்கை முறையில், புணேயின் ‘சீரம் இன்ஸ்டிடியூட்’ நிறுவனமும் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸும் இணைந்து உருவாக்கிய மருந்துக்கு இந்தியாவில் 2016-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. 24 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் குதிரைச் சீரத்தில் 960 அலகு என்றால், இதில் ஏறக்குறைய 80 அலகு. ஓர் உற்பத்தித் தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் தரம் மாறாது என்பதைத்தான், ஆய்வகத்தில் காலம் கழித்த நான் பெரிதாக நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் இவ்வகை மருந்தை ஊக்குவித்தது.

ஒரே எதிர்ப்பொருள் வைரஸின் ஓரிடத்தை மட்டுமே பற்றும், மாறுபட்ட வைரஸ் தப்பிவிடலாம் என்ற ஐயம் நியாயமானதே. அதற்காகவே இரண்டு எதிர்ப்பொருள்களைக் கலந்த மருந்தும் நம் நாட்டில் வந்துள்ளது.

அரசு இம்மருந்துகளை வட்ட மருத்துவமனைகள் வரை சென்று சேரும் அளவில் கொள்முதல் செய்ய வேண்டும். தடுப்பூசி இருப்பைச் சொல்லும்போதே இதன் இருப்பையும் தனியே அறிவிக்க வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தால், உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடும் என்பதால், இதைப் போடுவதில்லை என்பதைத் தங்கள் நிருபர்களும் அச்செய்திகளிலேயே சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பனர்,
பட்டுக்கோட்டை.