ஃபெண்டரா, கிப்சனா: விலைப்பட்டியல் சொல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் நிறுவனங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஃபெண்டர், கிப்சன், ஐபனெஸ் ஆகிய பெயர்களை விலை வரிசையில் அடுக்கிவிட்டு, புகழ்பெற்ற கலைஞர்கள் கையில் ஏந்தியதால்தான் இவற்றுக்கு இத்தனை மவுசு என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை, மெல்லிசை மேடைகளில் நெடுங்காலம் வாசித்துவிட்டு இப்போது மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. கலைஞர்களின் பங்கு விளம்பரத்தோடு நின்றுவிடவில்லை. தயாரித்தவர் ஒன்றை எண்ணிச் செய்த கருவியில், அவர் எண்ணிப் பாராத ஒலியை வாசித்தவர்கள் கண்டெடுத்தார்கள். அந்த ஒலிக்கு இடங்கொடுக்கும் அமைப்பும் அந்தக் கருவியில் இருந்தது. இந்தப் பெயர்கள் நிலைத்த கதை பெரும்பாலும் இதுதான்.

ஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோவில் கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதுபோலக் கிட்டாரிலும் செய்ய முடியவேண்டும் என்று நினைத்தவர் அவர். அதனால்தான் நெக் எனப்படும் கழுத்துப் பகுதியைப் பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். உள்ளே குடைவு இல்லாத கட்டை மரத்தில் செய்யப்பட்ட அந்தக் கிட்டார் 1950இல் சந்தைக்கு வந்தது. நடன அரங்குகளில் வாசிக்கும் குழுக்கள் சத்தத்தை ஏற்றினாலும், குடைவுள்ள கிட்டார்களைப் போல ஒலிபெருக்கியோடு சேர்ந்து ஊளையிடாது என்பதே அதன் முதல் தகுதி. பிராட்காஸ்டர் என்று அதற்கு வைத்த பெயரை ஏறக்குறைய அதே ஒலிப்பில் தன் டிரம்களுக்கு ஏற்கெனவே வைத்திருந்த கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபித்ததால், 1951இல் டெலிகாஸ்டர் என்ற புதுப் பெயர் வரும்வரை, கையிருப்பில் இருந்த ஒட்டுத்தாள்களில் பழைய பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு ஃபெண்டர் என்பதை ஒட்டி அனுப்பினார்கள். அந்தப் பெயரில்லாக் கிட்டார்களுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அதில் மூன்று பிக்கப்கள் உண்டு; தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தருவது இந்தப் பிக்கப்தான். மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலைகள் கொண்ட ஸ்விட்ச் ஒன்றை வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. ஆனால் வாசித்தவர்கள் அந்த ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே மெல்ல நிறுத்திப் பார்த்தபோது, அடுத்தடுத்த இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலித்து, சற்றே உள்வாங்கிய, கண்ணாடியைத் தட்டினாற்போன்ற ஓர் ஒலி கிடைத்தது. கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளரின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி உடனே நினைவுக்கு வரும். ஸ்விட்ச் நடுவில் நிற்காமல் நழுவும். அதைப் பிடித்துவைக்க ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலைகள் கொண்ட ஸ்விட்சை நிறுவனமே பொருத்தித் தரத் தொடங்கியது 1977இல். கருவி வெளிவந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு! தந்திகளை உடலில் தாங்கி நிற்கும் பாலத்தோடு இணைந்த அசைகோலின் கதையும் இதேதான். சுரம் இலேசாக நடுங்குவதற்காக வைக்கப்பட்ட அந்தக் கோலை, வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி இடக்கையால் வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அடிவரை அழுத்தித் தந்திகளைத் தொய்யவிட்டு, அதிலிருந்து ஓர் இசைமொழியையே உருவாக்கினார்.

இந்தப் புகழுக்கு நடுவில் ஒரு குறையையும் சொல்லவேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உள்ளதுபோன்ற, ஒரே கம்பிச் சுருள் கொண்ட ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு மின்கம்பியின் இரைச்சலையும் தந்தியின் ஒலியையும் பிரித்தறியத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த இரைச்சல் கீழ்ச்சுருதியில் ஒரு ரீங்காரமாக உள்ளே நுழைந்துவிடும். சீரியல் விளக்குகள் எரிய, பின்னால் ஜெனரேட்டர் ஓட, திருவிழா மேடையில் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு நிற்பவரைக் கவனித்துப் பாருங்கள். பாட்டு தொடங்குமுன் அவர் மெல்ல இப்படியும் அப்படியும் திரும்புவார். ரசிகர்களுக்கு முகம் காட்டுகிறார் என்று நினைக்கவேண்டாம். எந்தத் திசையில் நின்றால் ரீங்காரம் குறைகிறது என்று தேடுகிறார். அந்தத் திசை சில மேடைகளில் பாடகருக்கு முதுகைக் காட்டும் திசையாக அமைந்து, நிகழ்ச்சி முடிந்தபின் வசவு வாங்கித் தருவதும் உண்டு.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் பிறந்தது. அங்கே பணியாற்றிய சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். இரண்டு சுருள்களின் காந்த முனைகளை எதிரெதிராக வைத்து, மின் இணைப்பையும் எதிரெதிராகக் கொடுத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். ஹம்பக்கர் என்ற அந்தப் பிக்கப் 1957இல், லெஸ் பால் என்ற கலைஞரின் பெயரில் கிப்சன் செய்துவந்த கிட்டாரில் ஏறியது. இரைச்சலை ஒழிக்கச் செய்த ஏற்பாடு, ஒலியின் கூர்மையையும் கொஞ்சம் மழுக்கி, அதற்கு ஒரு தடிப்பைக் கொடுத்துவிட்டது. இதை அன்று எத்தனை பேர் விரும்பினார்கள் என்றால், அதிகம் பேர் இல்லை என்பதே விடை. விற்பனை சரிந்ததால் 1961இல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டு, இரு கொம்புகள் கொண்ட மெல்லிய வடிவத்துக்கு மாறியது. அதன் பிறகுதான் இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன், பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, ஆம்ப்ளிஃபயர் தாங்காமல் ஒலி கரகரத்து உடையும் அந்த எல்லையில் வாசித்தார். ஜான் மேயாலின் குழுவோடு அவர் செய்த பதிவு 1966இல் வெளிவந்தது. கலைஞர் லெஸ் பாலோ தெளிவான, துல்லியமான ஒலியை நாடியவர்; அவர் பெயர் தாங்கிய கருவி உலகப் புகழ் பெற்றதோ உடைந்த ஒலியால். தேவை பெருகவே 1968இல் கிப்சன் பழைய வடிவத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் முதல் மாதிரி, ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றைப் பின்பற்றிச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டுரையாளர் இரண்டு எதிர்முகாம்களாகச் சித்திரித்த நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கடன்பட்டவை என்பது விளங்கும்.

இந்த இரண்டுக்கும் இடையில் விரல்கள் முதலில் உணரும் வேறுபாட்டைக் கட்டுரை தொடவே இல்லை. ஃபெண்டரில் தந்தியின் அதிரும் நீளம் 25½ அங்குலம். கிப்சனில் 24¾ அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்குக் கட்டினால் நீளம் குறைந்த கிட்டாரில் இழுவிசை குறையும். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்துச் சுரத்தை உயர்த்துவது அங்கே எளிது. ஃப்ரெட் எனப்படும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பிடிப்புகளுக்கு இடையிலான தூரமும் சிறிது குறைவு. சிறிய கை உள்ள மாணவர்கள் பெயரைப் பார்க்காமலே கிப்சன் அளவுள்ள கிட்டாரை விரும்பிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், லெஸ் பால் தோளை அழுத்தும் கனமுடையது. அதன் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், தாங்கியிலிருந்து மல்லாந்து விழுந்தால் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் எளிதில் முறிந்துவிடக்கூடும். இவ்வளவு விலையுள்ள கருவியில் இப்படியொரு பலவீனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றால், அந்த ஒலியின் மேல் உள்ள பிடிப்புதான் காரணம்.

ரிக்கன்பேக்கர் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் கிட்டாரைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். எல்லோருக்கும் பொருந்தாத கருவி என்பதால் அது ஓரளவு நியாயமே. ஆனால் 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு வந்த அதன் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில், இரண்டிரண்டாக இணைந்த தந்திகளில் தடிமன் வேறுபடும் இணைகளில் தடித்த தந்தி முதலில் மீட்டப்படும்படி வரிசையை மாற்றி அமைத்திருந்தார்கள் என்பதையும், அந்தச் சலசலக்கும் ஒலியை வேறு கிட்டாரில் முழுமையாகக் கொண்டுவருவது கடினம் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

ஐபனெஸை மலிவான நகல் என்று எழுதியிருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ஜப்பானின் நகோயா நகரத்து ஹோஷினோ நிறுவனம் 1970களில் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்துச் செய்தது உண்மை. கிட்டாரின் தலை வடிவத்துக்காக 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் வழக்குத் தொடுத்ததும் உண்மை. அதன் பிறகு அவர்கள் போன வழி வேறு. வாசிப்பவர்களை அழைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். ஸ்டீவ் வாய் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞரோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஜெம் கிட்டாரில் 24 பிடிப்புகள், கடைசிப் பிடிப்புவரை கை தடையின்றிப் போக ஆழமாக வெட்டிய உடல், வேகமாக வாசிக்க ஏற்ற மெல்லிய நெக், தூக்கிச் செல்வதற்கு உடலிலேயே ஒரு கைப்பிடித் துளை எல்லாம் இருந்தன. 1990இல் அவருக்காகவே வந்த ஏழு தந்திக் கிட்டாரைச் சில ஆண்டுகள் கழித்துக் கோர்ன் என்ற அமெரிக்க ராக் குழுவினர் எடுத்து, சுருதியை இன்னும் தாழ்த்தி, ஸ்டீவ் வாய் கனவிலும் நினைத்திராத கனத்த ஒலிக்குப் பயன்படுத்தினார்கள். நான் முதலில் சொன்ன கதை இங்கேயும் தொடர்கிறது.

மேரிலாந்தில் 1985இல் தொடங்கப்பட்ட பால் ரீட் ஸ்மித் நிறுவனம் மட்டும் இதற்கு ஒரு விலக்கு. ஃபெண்டருக்கும் கிப்சனுக்கும் நடுவே 25 அங்குலம் என்று அளவு வைத்து, கிப்சனின் பொற்காலத்தில் அதன் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியிடமே ஆலோசனை கேட்டு, இரண்டின் நன்மைகளையும் திட்டமிட்டுச் சேர்த்தார்கள். கார்லோஸ் சந்தானாவின் கையில் அது பாடுவதைக் கேட்டிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயோ என்னவோ எனக்கு அதன்மேல் பெரிய ஈர்ப்பு வரவில்லை. இது என் சொந்த ருசி மட்டுமே.

வாசிப்பவர் கேட்டுக் கருவி மாறியதற்கு நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. விக்கு விநாயகராமின் கடம் ஒலித்த சக்தி என்ற இசைக்குழுவில் இங்கிலாந்துக் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டார் எலெக்ட்ரிக் அன்று. ஆனால் கிப்சன் அவருக்காகத் தனியே செய்து கொடுத்த அதில், பிடிப்புகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தில் உரசாமல் தந்தியை வளைத்து, வீணையில் இழுப்பதுபோலக் கமகம் பிடிக்க அது வழிசெய்தது.

ஆகவே, முதல் கிட்டார் வாங்கப்போகும் இளைஞர்கள் கடன் வாங்கியாவது பெரிய பெயரை வாங்கவேண்டும் என்ற கட்டுரையாளரின் அறிவுரையைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். ஃபெண்டரே ஸ்குவையர் என்ற பெயரிலும் கிப்சனே எபிஃபோன் என்ற பெயரிலும் குறைந்த விலையில் தருகின்றன; யமஹாவின் பசிஃபிகா வரிசையில் ஒற்றைச் சுருளும் ஹம்பக்கரும் ஒரே கிட்டாரில் கிடைப்பதால், இரண்டு ஒலிகளையும் பழகிப் பார்த்துத் தனக்கு எது என்று தீர்மானிக்க ஒரு மாணவருக்கு அது போதும். கடையில் ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமலே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். பிடிப்பு ஓரங்கள் விரலை அறுக்கின்றனவா, தந்தி எங்காவது உரசிச் சிணுங்குகிறதா, வளைத்து விட்டபின் சுருதி நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு கோரிக்கை. ஒரு முழுப் பக்கக் கட்டுரையில் ஆம்ப்ளிஃபயர் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் அதற்குப் பாதிப் பங்காவது உண்டு என்பது என் கருத்து. கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொட்டிவிட்டு, மலிவான பெட்டியில் இணைத்து ஏமாறும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். அடுத்த முறை இணைப்பில் இடம் இருந்தால், அதைப்பற்றி அறிந்த ஒருவரை எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.