கண் அழுத்த நோயும் நரம்பு வளர்ச்சிப் புரதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணீரிலோ ரத்தத்திலோ உள்ள நரம்பு வளர்ச்சிப் புரதத்தை அளந்தே கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயைக் கண்டறிந்துவிடலாம் என்ற தொனியில் அவ்வப்போது செய்திகள் வெளியாகின்றன. அந்த ஆய்வுகள் மதிப்பு மிக்கவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் வரம்புகளைச் சொல்லாமல் விடுவது, பார்வையை இழந்துகொண்டிருக்கும் ஒருவரைத் தவறான நம்பிக்கையில் ஆழ்த்திவிடும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

விழித்திரையின் நரம்பணுக்களிலிருந்து கிளம்பும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் ஒன்றுசேர்ந்துதான் பார்வை நரம்பாகின்றன. இந்த அணுக்கள் உயிர்வாழ பிடிஎன்எஃப் (BDNF), என்ஜிஎஃப் (NGF) என்று சுருக்கமாக அழைக்கப்படுபவை போன்ற நரம்பு வளர்ச்சிப் புரதங்கள் துணைபுரிகின்றன. என்ஜிஎஃப் தொடர்பான கண்டுபிடிப்புக்காக ரீட்டா லெவி-மான்டால்சினி 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிடிஎன்எஃப் விழித்திரையிலேயே ஓரளவு சுரக்கிறது. மூளையிலிருந்தும் இழைகளின் வழியே கண்ணுக்கு வந்து சேர்கிறது. கண் அழுத்தம் கூடும்போது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் இழைகள் நெருக்கப்பட்டு அந்த வரத்து தடைபடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு சேதமடைபவர்கள் பலர் இருப்பதால், அழுத்தத்தைத் தவிர வேறோர் அடையாளத்தைத் தேடுவது மிகவும் நியாயமானதே.

நோயாளிகளின் சீரத்திலும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) கண்ணீரிலும் பிடிஎன்எஃப் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. சிக்கல் அளக்கும் முறையிலேயே தொடங்குகிறது. ரத்தத்திலுள்ள பிடிஎன்எஃப்-இன் பெரும்பகுதி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. எடுத்த ரத்தம் குழாயில் உறையும்போது அவை அதை வெளியே விடுவதால், உறையவிடாமல் பிரித்தெடுக்கும் ரத்த நீரான பிளாஸ்மாவைவிட சீரத்தில் இப்புரதம் பல மடங்கு கூடுதலாகத் தெரிகிறது. குழாயை எவ்வளவு நேரம் உறைய விட்டார்கள் என்பதற்கேற்பக்கூட அளவு மாறும். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது குறைந்து காணப்படுகிறது. உடற்பயிற்சி செய்தால் கூடுகிறது. இப்படியிருக்க, ரத்தத்தில் கிடைக்கும் ஓர் எண்ணைக் கொண்டு கண்ணுக்குள் நடப்பதைத் தீர்மானிப்பது எவ்வாறு?

கருவிழிக்குப் பின்னால் கண்ணுக்குள் இருக்கும் முன்னறை நீர், நோய் நடக்கும் இடத்துக்கு நெருங்கிய சான்றுதான். ஆனால் அது முழுவதுமே கால் மில்லிலிட்டர் அளவுதான். பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போதே எடுக்க முடியும் என்பதால், ஒப்பீட்டுக்குக் கிடைப்பவர்கள் நலமான கண்ணுடையவர்கள் அல்லர், கண்புரை நோயாளிகள். கண்ணீரை எளிதாக எடுக்கலாம் என்றாலும், ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து விடுபவர்களுக்குக் கண் உலர்ச்சியும் எரிச்சலும் சாதாரணம். அந்த அழற்சியே கண்ணீரில் என்ஜிஎஃப் அளவைக் கூட்டக்கூடும்.

இதே குழப்பம் மருந்து பற்றிய செய்திகளிலும் உண்டு. என்ஜிஎஃப் அடங்கிய சொட்டு மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் அது நரம்புக் குறைபாட்டால் கருவிழியில் ஏற்படும் புண்ணுக்கானது. கண் அழுத்த நோயாளிகளிடம் நடத்திய தொடக்கநிலைப் பரிசோதனையில் அது பாதுகாப்பானதாகத் தெரிந்ததே தவிர, பார்வையைக் காக்கும் என்று நிறுவப்படவில்லை.

எனவே, இத்தகைய செய்தியை வெளியிடும்போது எந்தத் திரவத்தில் அளந்தார்கள், எத்தனை பேரிடம், யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் அழுத்தம், பார்வை நரம்பின் தோற்றம், பார்வைப் பரப்பு ஆகியவற்றைச் சோதிப்பதற்கு இந்தப் புரத அளவீடு இன்னும் மாற்றாகவில்லை என்பதையும், மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அச்செய்தியிலேயே ஒரு வரியாகத் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்