கதிர் ஏறிய மண்வெட்டும் வண்டி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

வாஷிங்டனில் பிள்ளைகளுக்கான பிக் பில்ட் விழா என்று நேஷனல் பில்டிங் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாயே, அந்த நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே அந்தத் தூண்களைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. 75 அடி உயரம். சலவைக்கல் என்றுதான் நினைத்தேன். உள்ளே முழுக்கச் செங்கல், மேலே பூச்சும் வண்ணமும்தான் என்று நீ படித்துச் சொன்னாய். ஒரு தூணுக்கு 70,000 கல்! நாளைக்கு 500 கல் வைத்தாலும் எனக்கு ஐந்து மாசம் பிடிக்கும். 1887-ல் கட்டி முடித்தவர்களின் கையை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கதிர் ஏறிய வண்டி. அது எந்தக் கம்பெனியோ, நமக்கு மஞ்சளாக இருந்தால் ஜேசிபிதான். இன்ஜினை அணைத்து நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் அவன் இரண்டு லிவரையும் பிடித்துக்கொண்டு வாயாலேயே இரைச்சல் போட்டான். “இந்தக் கை எப்படித் தூக்கும் தாத்தா?” என்று கேட்டான். அவன் கையைப் பிடித்தே காட்டினேன். தோள், முழங்கை, மணிக்கட்டு. வண்டிக்கும் அதே மூன்று மடக்கு. நமக்குச் சதை இழுக்கிறது, அதற்குக் குழாயில் வரும் எண்ணெய் அழுத்தித் தள்ளுகிறது, அந்தப் பளபளப்பான தண்டு நீளுகிறது என்றேன். உடனே விரல்களைக் குவித்து என் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை அள்ளிவிட்டான்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உனக்கு நாலு வயசு. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, “இது எப்படிப்பா சுத்துது?” என்றாய். நான் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்து முதுகில் அடித்தேன். அம்மா தலையில் கல்லோடு நின்றபடியே அழுதாள். உன்னை விட்டுவிட்டு வர எங்களுக்கு இடமில்லை. ஒரு கொட்டகை போட்டுத் தரச் சொல்லி கான்ட்ராக்டரிடம் கேட்டோம், போடவில்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம். நம் சைட்டில் சித்தாள் பத்துப் பேர்தான்.

பயத்தில் அடித்தேன்மா. ஓடும் மெஷின் பக்கம் பிள்ளை போகக்கூடாது, அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் மத்தியானம் மெஷின் நின்றபிறகு உன்னைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். டிரம்முக்குள்ளே தகடுகள் இருக்கும். சுற்றச் சுற்ற அவைதான் ஜல்லியையும் மணலையும் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும், அதில்தான் சிமெண்ட் சேரும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

அடுத்த தடவை அந்த விழா நடக்கும்போதும் கதிரைக் கூட்டிப்போ. நீயும் ஏறி உட்கார்.

இன்னொன்று. அவன் அங்கே ஆணி அடித்துக் கொண்டுவந்த பலகையில் பின்பக்கம் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி மடக்கி அடிக்கச் சொல். அதுவரைக்கும் தரையில் போடாதே, உயரத்தில் வை.

அன்புடன்,
அப்பா