இஞ்ஞாசியாரும் எங்கள் கருப்பரும்

தேவிபட்டினம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் தியானக் குறிப்புகளும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம். வாடைக் காற்று இறங்கிவிட்டது, படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன.

கருப்பரைக் குலசாமியாகக் கும்பிடுகிறவனுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சி எதற்கு என்று கேட்டிருந்தாய். எங்கள் கும்பிடு ஊரோடு சேர்ந்தது. சிவராத்திரிக்குக் கூடுவோம், புரவி எடுப்போம், சாமியாடி வாக்குச் சொல்வார். மற்ற நாளில் தனியாக உட்கார்ந்து சாமியோடு இருக்க எனக்கு யாரும் ஒரு முறை சொல்லித் தரவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய கிரேக்க, நார்ஸ் (வட ஐரோப்பிய) தெய்வங்களை மறுபடி கும்பிடுகிறவர்களுக்கு வழிவழி வந்த பூசாரிகூட இல்லை. அவர்களில் சிலரும் கிறிஸ்தவத் துறவிகளின் ஜெப முறைகளைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நான் முதலில் எடுத்தது, இடத்தை மனதுக்குள் கட்டுவது. நீங்கள் பெத்லகேம் குகையைக் கட்டுவீர்கள். நான் கண்ணை மூடிக் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கிறேன். காது உடைந்த மண்குதிரை, அரிவாளில் கட்டிய மணி காற்றுக்கு ஆடும் சத்தம், சாம்பிராணியோடு கலந்த உப்பு வாடை, சுடுமணல். ஐம்புலனையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னாரே, அது அப்படியே பொருந்துகிறது. அப்புறம் உரையாடல். நண்பனிடம் பேசுவதுபோலப் பேசு என்கிறார். எங்கள் அப்பத்தா கருப்பரிடம் சண்டையே போடும், அதனால் இதில் எனக்குச் சிரமமே இல்லை.

ஆன்ம ஆய்வைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதில் நன்றி சொல்லி, நாளைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பீர்கள். எங்கள் சாமிக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது கொடுக்கல் வாங்கல், நேர்த்திக்கடன். அதனால் இன்றைக்கு யாரிடம் என்ன வாங்கினேன், என்ன திருப்பிக் கொடுத்தேன் என்று பார்க்கிறேன். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூறு நகரை மீன் கொடுத்தார். இன்று காலையில் அவர் பேத்தியை ஸ்கூலில் இறக்கிவிட்டேன். இதையும் கருப்பர் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்று மனசார நம்புகிறேன்.

ஆனால் அந்த நான்கு வாரப் பயிற்சியை முழுசாகத் தூக்கி, இயேசு என்று வரும் இடத்திலெல்லாம் கருப்பர் என்று போட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் வாரம் முழுக்க இயேசுவின் பாடுகள். எல்லாமே அவர் பின்னால் போவதற்காகத்தான். இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று உயிர் கொடுத்த ஓரியூர் நமக்கு எவ்வளவு பக்கம்! அந்தச் செம்மண்ணை நானும் நெற்றியில் இட்டிருக்கிறேன். பேரை மட்டும் மாற்றினால் உங்கள் சாமிக்கும் மரியாதை இல்லை, எங்கள் சாமிக்கும் இல்லை. ஜெபிக்கும் முறையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், யாரிடம் வாங்கினேன் என்று கேட்பவர்களிடம் சொல்லியும் விடுகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மனம் வறண்டு கிடக்கும் நாளில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார் இஞ்ஞாசியார், அல்லவா? எனக்கு இப்போது அப்படிப்பட்ட நாட்கள். மண்குதிரைகூடக் கண்ணுக்குள் வருவதில்லை. உனக்குத் தியானம் கொடுத்த சாமியாரிடம் இதைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதை எழுது. சிவராத்திரிக்கு வர முடிந்தால் முன்கூட்டியே போன் பண்ணு, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்